கர்ப்ப ஆரம்பத்தில் புரோஜெஸ்டிரோன்: எந்த மருந்து, யாருக்கு, எப்படி, எதுவரை? முழுமையான வழிகாட்டி

கர்ப்பம் உறுதியான சில நாட்களிலேயே புரோஜெஸ்டிரோன் மருந்துச் சீட்டோடு வீட்டுக்கு வருகிற பெண்கள் ஏராளம். சிலருக்கு டாக்டர் காரணத்தை விளக்கியிருப்பார், பலருக்கு "கரு நன்றாகத் தங்குவதற்கு" என்ற ஒரே வரிதான் கிடைத்திருக்கும். வீட்டுக்கு வந்து மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைப் பிரித்துப் படித்தால் ரத்தக்கட்டு, கல்லீரல், மார்பகப் புற்றுநோய் என்று என்னென்னவோ எழுதியிருக்கும். பயம் அங்கேயே பிடித்துக்கொள்ளும். சாப்பிடலாமா, நிறுத்திவிடலாமா, குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமா?

சுருக்கமான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் உடல் சுரப்பதும் மருந்தில் இருப்பதும் ஒரே மூலக்கூறாக இருக்கும் இயற்கை வகைப் புரோஜெஸ்டிரோன், டாக்டர் சொன்ன அளவில் எடுத்தால், குழந்தைக்குக் கெடுதல் செய்வதாக இதுவரை நடந்த பெரிய ஆய்வுகளில் தெரியவில்லை. ஆனால் பேச்சில் 'புரோஜெஸ்டிரோன்' என்று சொல்லப்படும் மருந்துகள் எல்லாம் ஒன்றல்ல. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் அது தேவையும் இல்லை. அதனால் "பாதுகாப்பானதா?" என்று மட்டும் கேட்டால் பாதி பதில்தான் கிடைக்கும். எந்த மருந்து, எதற்காக, எத்தனை வாரம் வரை என்ற மூன்றும் தெரிய வேண்டும். இதைப் படித்துவிட்டு உங்கள் டாக்டரிடம் போய்ப் பேசுங்கள், மருந்தை ஆரம்பிப்பதோ மாற்றுவதோ நிறுத்துவதோ அவர் மூலமாகவே நடக்கட்டும்.

படி 1: இந்த ஹார்மோன் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

கருமுட்டை வெளியேறிய பிறகு சினைப்பையில் அது இருந்த இடம் கார்ப்பஸ் லூட்டியம் என்ற சிறு சுரப்பியாக மாறுகிறது. புரோஜெஸ்டிரோன் அங்கிருந்துதான் வருகிறது. கருப்பையின் உள்சுவரைக் கரு ஒட்டி வளரும்படி பக்குவப்படுத்துவது, கருப்பைத் தசையை இறுகவிடாமல் அமைதியாக வைத்திருப்பது, தாயின் நோய் எதிர்ப்பு மண்டலம் கருவை ஏற்றுக்கொள்ள உதவுவது எல்லாம் இதன் வேலை. சுமார் 7 முதல் 9 வாரத்துக்குள் நஞ்சுக்கொடி அந்தப் பொறுப்பைக் கையில் எடுத்துக்கொள்கிறது.

1970களின் தொடக்கத்தில் ஆர்பாட் சாப்போ என்ற மருத்துவ ஆராய்ச்சியாளர் இதைத் தெளிவாகக் காட்டினார். 7 வாரத்துக்கு முன்னால் கார்ப்பஸ் லூட்டியத்தை அகற்றினால் கர்ப்பம் கலைந்தது, 9 வாரத்துக்குப் பிறகு அகற்றினால் தொடர்ந்தது, முன்பே அகற்றியிருந்தாலும் புரோஜெஸ்டிரோனை வெளியிலிருந்து கொடுத்தால் கலையவில்லை. கர்ப்பம் நிற்க இந்த ஹார்மோன் கட்டாயம் வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

அப்படியென்றால் எல்லோருக்கும் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் நல்லதுதானே? இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். தானாகக் கருத்தரித்த பெரும்பாலான பெண்களின் உடல் தேவையான அளவைத் தானே சுரந்துவிடுகிறது. ஆரம்பக் கருச்சிதைவுகளில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் கருவின் குரோமோசோம் எண்ணிக்கையில் ஏற்படும் பிழை. கருத்தரிக்கும்போதே நடந்துவிட்ட அந்தப் பிழையை எந்த ஹார்மோனாலும் சரிசெய்ய முடியாது.

படி 2: உங்கள் கையில் இருப்பது எந்த மருந்து?

அட்டையையோ பெட்டியையோ எடுத்து, பெரிய எழுத்தில் இருக்கும் கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, அதன் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் பாருங்கள். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் செய்யப்போகிறீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

மைக்ரோனைஸ்டு புரோஜெஸ்டிரோன் என்றோ, நேச்சுரல் மைக்ரோனைஸ்டு என்றோ இருந்தால் அது நான் மேலே சொன்ன இயற்கை வகை. தாவரப் பொருளிலிருந்து ஆய்வகத்தில் தயாரித்து, நன்றாக உறிஞ்சப்படுவதற்காக மிக நுண்ணிய துகளாக்கியிருப்பார்கள். வாய்வழி கேப்ஸ்யூல், பெண்ணுறுப்புக்குள் வைக்கும் மாத்திரை, ஜெல், எண்ணெயில் கரைத்த ஊசி என்று பல வடிவங்களில் வருகிறது. கர்ப்ப ஆரம்பத்தில் அதிகம் ஆராயப்பட்டது பெண்ணுறுப்புக்குள் வைக்கும் வடிவம்தான். அந்த வழியில் கருப்பைக்கு நேரடியாக நிறையப் போய்ச் சேர்கிறது, ரத்தத்தில் அளவு அவ்வளவு ஏறுவதில்லை. வாய்வழியாகப் போனால் பெரும்பகுதியைக் கல்லீரல் சிதைத்துவிடும், அப்படிச் சிதையும்போது உண்டாகும் பொருட்கள் மூளையில் வேலை செய்வதால்தான் தூக்கமும் தலைசுற்றலும் வருகின்றன.

டைட்ரோஜெஸ்டிரோன் என்று இருந்தால் அது செயற்கை வகை. டூஃபாஸ்டன் என்ற பெயரில் பலருக்கும் தெரிந்திருக்கும். இயற்கைப் புரோஜெஸ்டிரோனுக்கு மிக நெருக்கமான அமைப்பு, வாய்வழியாகவே நன்றாக வேலை செய்யும், ஆண் ஹார்மோன் போன்ற விளைவு இல்லை. பல நாடுகளில் பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது. ஐவிஎஃப் (கருமுட்டையை வெளியே எடுத்து ஆய்வகத்தில் கருவாக்கிக் கருப்பையில் வைக்கும் சிகிச்சை) செய்த பெண்களிடம் இதைப் பெண்ணுறுப்புவழிப் புரோஜெஸ்டிரோனோடு ஒப்பிட்ட லோட்டஸ் 1 (2017), லோட்டஸ் 2 (2018) ஆய்வுகளில் ஒவ்வொன்றிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இருந்தார்கள். கர்ப்பம் தொடர்ந்த விகிதத்திலும் குழந்தைகளின் ஆரோக்கியத்திலும் கவலைப்படும்படியான வித்தியாசம் தெரியவில்லை. அதே சமயம் பிறவி இதயக் குறைபாடு போன்றவற்றோடு தொடர்பு இருக்கலாமோ என்று சில பின்னோக்கிய ஆய்வுகள் (நடந்து முடிந்தவற்றின் பதிவுகளைப் பின்னால் எடுத்துப் பார்ப்பவை) கேள்வி எழுப்பியிருக்கின்றன. அவற்றை வைத்து 'மருந்துதான் காரணம்' என்று சொல்லிவிட முடியாது, இருந்தாலும் கேள்வி எழுந்தது உண்மை என்பதால் மறைக்காமல் சொல்கிறேன். தேவை இல்லாத இடத்தில் எதற்கு என்று கேட்க இது ஒரு நல்ல காரணம்.

ஹைட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் காப்ரோயேட் என்று இருந்தால் கொஞ்சம் நில்லுங்கள். வாரம் ஒருமுறை போடும், உடலில் தங்கி மெதுவாக வேலை செய்யும் டெப்போ ஊசி இது. 'புரோஜெஸ்டிரோன் ஊசி' என்றே எல்லோரும் சொல்வதால் இயற்கை வகை என்று தவறாக நினைத்துவிடுகிறார்கள், உண்மையில் இது வேறு மூலக்கூறு. குறைப்பிரசவத்தைத் தடுக்கத்தான் அதிகம் பயன்பட்டது. பலன் நிரூபணமாகவில்லை என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2023 ஏப்ரலில் இதற்கான அனுமதியைத் திரும்பப் பெற்றது. கருவில் இருக்கும்போது இதற்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பிற்காலத்தில் புற்றுநோய் ஆபத்து கூடலாம் என்ற சந்தேகத்தையும் பலன் இல்லாததையும் சேர்த்துப் பார்த்து, ஐரோப்பாவின் மருந்துக் கண்காணிப்பு அமைப்பு 2024இல் விற்பனையை நிறுத்தப் பரிந்துரைத்தது. உங்களுக்கு இந்த ஊசி எழுதப்பட்டிருந்தால் "இதற்குப் பதிலாக வேறு கொடுக்க முடியுமா" என்று தயங்காமல் கேளுங்கள். ஏற்கனவே ஒன்றிரண்டு ஊசி போட்டுவிட்டீர்கள் என்றால் பதற வேண்டாம், ஆபத்து உறுதியாகவில்லை, சந்தேக நிலையில்தான் இருக்கிறது.

கடைசியாக நாரெத்திஸ்டிரோன், மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன். மாதவிடாயைத் தள்ளிப்போடவும் வரவழைக்கவும் கருத்தடைக்கும் கொடுப்பவை இவை. கர்ப்பத்தைக் காப்பாற்றுவதற்கான மருந்துகள் அல்ல. நாரெத்திஸ்டிரோனுக்கு லேசான ஆண் ஹார்மோன் குணம் உண்டு, பழைய காலத்தில் அதிக அளவில் நீண்ட நாள் கொடுத்தபோது பெண் குழந்தைகளின் பிறப்புறுப்பில் மாற்றம் கண்டதாகப் பதிவுகள் இருக்கின்றன. கர்ப்பம் என்று தெரியாமல் மாதவிடாயைத் தள்ளிப்போட சில நாள் சாப்பிட்டுவிட்டவர்கள் நிறையப் பேர். உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். அந்த ஒரு காரணத்துக்காகக் கர்ப்பத்தைக் கலைக்க வேண்டியதில்லை.

படி 3: எதற்காக எழுதினார்கள்?

"எனக்கு இதை எதற்காகக் கொடுக்கிறீர்கள், எத்தனையாவது வாரம் வரை?" என்று டாக்டரிடம் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. பதில் பெரும்பாலும் கீழே இருப்பதில் ஒன்றாக இருக்கும்.

ஐவிஎஃப் அல்லது உறைய வைத்த கருவைப் பொருத்தியது. இந்த நிலையில் புரோஜெஸ்டிரோன் விருப்பத்துக்கு உட்பட்டதே அல்ல. ஹார்மோன் மாத்திரைகளால் கருப்பையைத் தயார் செய்து உறைகருவை வைத்திருந்தால் அந்த மாதம் கருமுட்டையே வெளியேறியிருக்காது, கார்ப்பஸ் லூட்டியமும் இருக்காது. நஞ்சுக்கொடி தயாராகும் வரை உங்கள் உடலில் இருக்கும் புரோஜெஸ்டிரோன் முழுவதும் மருந்திலிருந்து வருவதுதான். "மருந்து சாப்பிடாமல் இயற்கையாக இருந்து பார்" என்று யாரோ சொன்னார்கள் என்று நடுவில் விட்டுவிட்டால் நல்ல கர்ப்பமே கலைந்துவிடலாம். அனுபவம் உள்ள பெரியவர்கள் சொன்னாலும் சரி, இந்த விஷயத்தில் உங்கள் ஐவிஎஃப் டாக்டர் சொல்வதை மட்டும் கேளுங்கள்.

முன்பு கருச்சிதைவு ஆகியிருக்கிறது, இப்போது ரத்தக்கசிவும் இருக்கிறது. புரோஜெஸ்டிரோனுக்கு உண்மையான ஆதாரம் உள்ள இடம் இது. பிரிட்டனில் 48 மருத்துவமனைகளில் 4,153 பெண்களிடம் நடந்த பிரிசம் என்ற ஆய்வு 2019இல் வெளியானது. எல்லோரும் கர்ப்ப ஆரம்பத்தில் ரத்தக்கசிவு ஏற்பட்டவர்கள். பாதிப் பேருக்கு 400 மி.கி. புரோஜெஸ்டிரோன் தினம் இரண்டு வேளை பெண்ணுறுப்பு வழியாக, மீதிப் பேருக்கு அதேபோல் தோன்றும் வெறும் மாத்திரை. மொத்தமாகப் பார்த்தால் உயிருள்ள குழந்தை பிறந்தது 75 சதவீதம், 72 சதவீதம் என்று வந்தது, அதை உறுதியான வித்தியாசம் என்று சொல்ல முடியவில்லை. ஆனால் பிரித்துப் பார்த்தபோது கதை மாறியது. முன்பு கருச்சிதைவே ஆகாதவர்களுக்குப் பலன் இல்லை. மூன்றோ அதற்கு மேலோ கருச்சிதைவு ஆனவர்களில் மருந்து எடுத்தவர்களுக்கு 72 சதவீதம், எடுக்காதவர்களுக்கு 57 சதவீதம். ஒன்றிரண்டு முறை ஆனவர்களுக்கு நடுவில் ஓரளவு பலன். இதை வைத்துத்தான் சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021இல் தன் வழிகாட்டுதலை மாற்றி, ரத்தக்கசிவும் முந்தைய கருச்சிதைவும் இரண்டுமே உள்ளவர்களுக்கு, கர்ப்பம் கருப்பைக்குள் இருப்பதை ஸ்கேனில் உறுதிசெய்த பிறகு இந்த மருந்தைக் கொடுக்கச் சொன்னது.

கருச்சிதைவுகள் ஆகியிருக்கின்றன, இப்போது ரத்தக்கசிவு இல்லை. காரணம் தெரியாமல் திரும்பத் திரும்பக் கருச்சிதைவான 836 பெண்களிடம் நடந்த பிராமிஸ் ஆய்வு (2015) இதற்காகவே செய்யப்பட்டது. மருந்து எடுத்தவர்களில் 65.8 சதவீதம், எடுக்காதவர்களில் 63.3 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது. பெரிய பலன் இல்லை. ஆனாலும் இந்த எண்ணை இன்னொரு தடவை பாருங்கள்: திரும்பத் திரும்ப இழந்த பெண்களில், எந்த மருந்தும் எடுக்காத பிரிவிலேயே மூன்றில் இரண்டு பங்குக்குக் கிட்டத்தட்டப் பேர் குழந்தை பெற்றிருக்கிறார்கள். பயத்தில் இருக்கும் பெண்களிடம் இதை யாரும் சொல்வதில்லை. டாக்டர் இந்த நிலையிலும் எழுதினால் அது 'கெடுதல் இல்லை, ஒருவேளை உதவலாம்' என்ற கணக்கில் எழுதுவது. ஏற்பதா வேண்டாமா என்பதை இருவரும் பேசி முடிவு செய்யலாம்.

ரத்தப் பரிசோதனையில் புரோஜெஸ்டிரோன் குறைவு. இது கொஞ்சம் சிக்கலானது. இந்த ஹார்மோன் ஒரே நாளிலேயே ஏறி இறங்கும், ஒருமுறை எடுத்த அளவை வைத்து முடிவுக்கு வருவது கஷ்டம். அதோடு, வளர்ச்சி நின்றுபோன கர்ப்பத்தில் புரோஜெஸ்டிரோன் தானாகவே குறைந்துவிடும். அதாவது குறைவு என்பது பல சமயம் பிரச்சினையின் விளைவு, காரணம் இல்லை. இன்னொன்று: பெண்ணுறுப்பு வழியாக எடுத்தால் ரத்த அளவு அதிகம் காட்டாது, டைட்ரோஜெஸ்டிரோன் இந்தப் பரிசோதனையில் தெரியவே தெரியாது. மருந்து எடுத்தும் அளவு ஏறவில்லையே என்று அழுதுகொண்டிருக்க வேண்டாம்.

காரணம் எதுவும் சொல்லவில்லை. முதல் கர்ப்பம், ரத்தக்கசிவு இல்லை, ஐவிஎஃப் இல்லை, இருந்தும் எழுதியிருக்கிறார்கள் என்றால், எனக்குத் தெரிந்த ஆதாரங்களின்படி இதனால் பலன் கிடைப்பதாகக் காட்டப்படவில்லை. எடுத்துவிட்டதால் ஆபத்து என்றும் இல்லை. அடுத்த முறை போகும்போது கேளுங்கள், "தொடர வேண்டுமா" என்று நேராகவே கேளுங்கள்.

கருப்பை வாய் குட்டையாக இருக்கிறது என்று 16 முதல் 24 வாரத்துக்குள் ஸ்கேனில் தெரிந்து, குறைப்பிரசவத்தைத் தடுக்க இரவில் பெண்ணுறுப்பு வழியாக எடுக்கச் சொல்வதும் உண்டு. அதற்கும் நல்ல ஆதாரம் இருக்கிறது, ஆனால் அது ஆரம்ப வாரங்களின் கதை இல்லை என்பதால் இங்கே விட்டுவிடுகிறேன்.

படி 4: ஆரம்பிக்கும் முன் டாக்டரிடம் சொல்ல வேண்டியவை

ரத்தக்கசிவுக்காக எடுக்கிறீர்கள் என்றால், கர்ப்பம் கருப்பைக்குள்தான் இருக்கிறதா என்பது ஸ்கேனில் தெரிய வேண்டும். கருக்குழாயில் தங்கிய கர்ப்பத்திலும் இப்படித்தான் ரத்தம் கசியும், அதற்குப் புரோஜெஸ்டிரோன் எடுத்துக்கொண்டு வீட்டில் படுத்திருந்தால் நேரம் வீணாகி உயிருக்கே ஆபத்தாகும். ஒருபக்க அடிவயிற்று வலி, தோள்பட்டை நுனியில் வலி, மயக்கம் இருந்தால் ஸ்கேனுக்கு நாள் குறித்துக் காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

நிலக்கடலை அல்லது சோயா ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். சில கேப்ஸ்யூல்களில் கடலை எண்ணெய் அல்லது சோயா லெசித்தின் இருக்கிறது, சில ஊசிகளில் நல்லெண்ணெய் அடிப்படையாக இருக்கும். மருந்துத்தாளில் இருக்கும் உட்பொருள் பட்டியலில் இதைப் பார்த்துவிடலாம்.

கல்லீரல் நோய், முந்தைய கர்ப்பத்தில் பித்தநீர் தேங்கி உடம்பெல்லாம் அரிப்பு வந்தது, கால் ரத்தக்குழாயிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டு, மார்பகப் புற்றுநோய், போர்ஃபைரியா என்ற அரிய பரம்பரை நோய், கடுமையான மனச்சோர்வு ஆகியவை எப்போதாவது இருந்திருந்தால் சொல்லுங்கள். வலிப்புக்கு ஃபெனிடாயின் அல்லது கார்பமசெபைன், காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர்கள் அதையும் சொல்லுங்கள், இவை புரோஜெஸ்டிரோனைச் சீக்கிரம் சிதைத்துவிடும். உங்கள் ரத்த வகை நெகட்டிவ் என்றால், ரத்தக்கசிவு ஏற்படும்போதெல்லாம் ஆன்டி-டி ஊசி (தாயின் உடல் குழந்தையின் ரத்தத்தை எதிர்க்காமல் தடுப்பது) வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 5: குழந்தைக்கு என்ன ஆகும்?

எல்லோர் மனதிலும் இருக்கும் கேள்வி இதுதான், அதனால் நேராகவே பார்ப்போம். மேலே சொன்ன பிராமிஸ், பிரிசம் இரண்டு ஆய்வுகளிலும் பிறந்த குழந்தைகளின் பிறவிக் குறைபாடுகளைக் கணக்கெடுத்தார்கள். மருந்து எடுத்த பிரிவிலும் எடுக்காத பிரிவிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. எந்த மருந்தும் எடுக்காத கர்ப்பத்திலும் நூற்றில் இரண்டு மூன்று குழந்தைகளுக்கு ஏதாவது ஒரு குறைபாடு இருக்கத்தான் செய்கிறது, ஒப்பீட்டுப் பிரிவு இல்லாமல் இந்த எண்ணை மட்டும் தனியாகப் பார்த்தால் எந்த மருந்தும் குற்றவாளி ஆகிவிடும்.

பின் ஏன் இவ்வளவு பயம்? பழைய கதை கொஞ்சம் இருக்கிறது. 1970களில் இந்த வகை ஹார்மோன்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து, கர்ப்பத்தின் முதல் மாதங்களில் எடுக்கக்கூடாது என்ற எச்சரிக்கையை எஃப்டிஏ மருந்துப் பெட்டிகளில் போடச் சொன்னது. ஆதாரங்களை மறுபடி ஆராய்ந்து 1999இல் அந்தப் பொது எச்சரிக்கைக் கட்டாயத்தை நீக்கியது. இன்னொரு பக்கம், டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற மருந்தைக் கருச்சிதைவைத் தடுக்க என்று சொல்லிப் பல ஆண்டுகள் கொடுத்தார்கள், அதை எடுத்த தாய்மார்களின் மகள்களுக்கு அரிய வகைப் புற்றுநோய் வருவது 1971இல் வெளிச்சத்துக்கு வந்தது. அது செயற்கை ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் இல்லை. ஆனால் 'கர்ப்பத்தைக் காக்கும் ஹார்மோன் மாத்திரை' என்ற ஒரே பெயரில் இரண்டும் மக்கள் நினைவில் கலந்துவிட்டன.

ஆண் குழந்தைகளின் சிறுநீர்த் துளை இடம் மாறியிருப்பதற்கும் இந்த வகை மருந்துகளுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று சில ஆய்வுகள் சொன்னதையும் நீங்கள் படித்திருக்கலாம். அவற்றில் பல, தாயிடம் பின்னாளில் "என்ன மருந்து எடுத்தீர்கள்" என்று கேட்டு எழுதியவை. எந்த வகை மருந்து என்பது தெளிவாக இருக்காது. கருத்தரிப்பதில் சிரமம், ரத்தக்கசிவு போன்ற பிரச்சினை இருந்ததால்தான் மருந்தே எடுத்திருப்பார்கள், விளைவு அந்தப் பிரச்சினையால் வந்ததா மருந்தால் வந்ததா என்று பிரிப்பது கடினம். சீட்டுக் குலுக்கியதுபோல் இரண்டு பிரிவாகப் பிரித்து நடத்தும் ஆய்வுகளுக்கு மதிப்பு அதிகம் என்பது இதனால்தான்.

படி 6: சரியாக எடுக்கும் முறை

பெண்ணுறுப்புக்குள் வைப்பது என்றால் சிறுநீர் கழித்துவிட்டு, சோப்பால் கை கழுவி, படுத்த நிலையிலோ ஒரு காலைச் சற்று உயர்த்தி வைத்தோ, விரலால் வசதியாகப் போகும் தூரம் வரை உள்ளே தள்ளினால் போதும். விரல் கருவைத் தொட்டுவிடுமோ என்று பலர் பயப்படுகிறார்கள், அதற்கு வாய்ப்பே இல்லை, நடுவில் கருப்பை வாய் மூடியிருக்கிறது. வைத்த பிறகு அரை மணி நேரம் போலப் படுத்திருந்தால் வழிவது குறையும், அதனால் ஒரு வேளையைத் தூங்கப்போகும் நேரத்தில் வைத்துக்கொள்வது வசதி. வெள்ளையாகவோ எண்ணெய்ப் பசையாகவோ கொஞ்சம் வெளியே வரத்தான் செய்யும், மருந்து முழுவதும் போய்விட்டது என்று இன்னொன்றை வைக்க வேண்டாம். உள்ளாடையில் மெல்லிய பேட் போதும், டாம்பூன் வேண்டாம். அதே நேரத்தில் பூஞ்சைத் தொற்றுக்கு வேறு க்ரீமோ மாத்திரையோ உள்ளே வைக்கச் சொல்லியிருந்தால் இரண்டுக்கும் இடையே எவ்வளவு நேரம் விட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வாய்வழிக் கேப்ஸ்யூலைப் பொதுவாக இரவு தூங்கும் நேரத்தில், சாப்பாட்டோடு சேர்க்காமல் எடுக்கச் சொல்வார்கள். எடுத்த பிறகு வண்டி ஓட்ட வேண்டாம். சில கேப்ஸ்யூல்களை வாயிலும் போடலாம், உள்ளேயும் வைக்கலாம், உங்களுக்குச் சொன்ன வழி எது என்பதைச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எண்ணெய் ஊசி வலிக்கும். கட்டி கட்டியாக நிற்கும். தினமும் பக்கம் மாற்றிப் போடுவதும், போட்ட பிறகு மெதுவாகத் தேய்த்துவிட்டு வெதுவெதுப்பாக ஒற்றடம் கொடுப்பதும் உதவும். அந்த இடம் சிவந்து சூடாகி, காய்ச்சலும் வந்தால் அது சாதாரண வலி இல்லை, காட்டிவிடுங்கள்.

ஒரு வேளை மறந்துவிட்டால், ஞாபகம் வந்ததும் எடுங்கள், அடுத்த வேளை நெருங்கிவிட்டது என்றால் அதை மட்டும் எடுங்கள், இரட்டிப்பாக வேண்டாம். ஒரு வேளை தவறியதால் கர்ப்பம் கலையாது. உறைகரு வைத்தவர்கள் மட்டும், ஒரு நாள் முழுவதும் தவறிவிட்டால் மருத்துவமனைக்குப் போன் செய்து சொல்லிவிடுங்கள்.

படி 7: எதைப் பொறுத்துக்கொள்ளலாம், எதற்கு ஓட வேண்டும்

மார்பு வலி, வயிறு உப்புசம், மலச்சிக்கல், தூக்கக் கலக்கம், எரிச்சல், அழுகை, லேசான தலைவலி எல்லாம் வரலாம். கர்ப்பத்தின் அறிகுறிகளும் இவைதான் என்பதால் எது எதனால் என்று பிரிக்கவே முடியாது. இதிலிருந்து இரண்டு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். அறிகுறி இருப்பதால் கர்ப்பம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை, அறிகுறி குறைந்ததால் ஏதோ ஆகிவிட்டது என்றும் அர்த்தமில்லை. வீட்டில் செய்யும் சிறுநீர்ச் சோதனையின் முடிவைப் புரோஜெஸ்டிரோன் மாற்றாது. ஆனால் மாதவிடாயைத் தள்ளிப்போடும், அதனால் "நாள் தள்ளிப்போயிருக்கிறது" என்பதை வைத்து மட்டும் முடிவுக்கு வராதீர்கள்.

மருந்து எடுக்கும்போதும் லேசாக ஸ்பாட்டிங் (துளித்துளியாக ரத்தம்) வரலாம், கருப்பை வாயின் மேல்தோல் உறுத்தலாலும் வரும். டாக்டரிடம் சொல்லுங்கள், பதறி நீங்களாக அளவைக் கூட்ட வேண்டாம். படுக்கையிலேயே கிடந்தால் கருச்சிதைவு தடைபடும் என்பதற்கும் ஆதாரம் இல்லை, வீட்டில் யாராவது கட்டாயப்படுத்தினால் இதைச் சொல்லுங்கள்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியவை: ஒரு மணி நேரத்தில் பேட் முழுவதும் நனைந்து அடுத்ததும் நனைகிறது, பெரிய கட்டிகளாகப் போகிறது, தாங்க முடியாத வயிற்று வலி, மயக்கம், காய்ச்சலோடு நாற்றமுள்ள திரவம், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, நெஞ்சுவலி அல்லது மூச்சுத்திணறல், பார்வை மங்கி வரும் கடும் தலைவலி, கண் மஞ்சளாவது. உள்ளங்கை, உள்ளங்காலில் தொடங்கி உடம்பெங்கும் அரிப்பு வந்தால் கல்லீரல் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.

படி 8: எப்போது, எப்படி நிறுத்துவது

இது காரணத்தைப் பொறுத்தது. ரத்தக்கசிவுக்கும் முந்தைய கருச்சிதைவுக்கும் கொடுத்திருந்தால், ஸ்கேனில் இதயத்துடிப்பு உறுதியானால் கர்ப்பத்தின் 16 வாரம் முடியும் வரை தொடர்வது நைஸ் வழிகாட்டுதல், பிரிசம் ஆய்விலும் 16 வாரம் வரைதான் கொடுத்தார்கள். ஐவிஎஃப்பில் பெரும்பாலும் 10 முதல் 12 வாரம் வரை, மருத்துவமனைக்கு மருத்துவமனை கொஞ்சம் மாறும். அந்த வாரத்துக்குள் நஞ்சுக்கொடி சுரக்கும் அளவோடு பார்த்தால் மருந்தின் பங்கு சொற்பம், எனவே குறித்த வாரத்தில் நிறுத்தியதும் ஏதோ ஆகிவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை. சிலர் படிப்படியாகக் குறைக்கச் சொல்வார்கள், சிலர் ஒரே நாளில் நிறுத்துவார்கள். நிறுத்தும் தேதியைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் "நிறுத்தச் சொல்லவில்லையே" என்று மாதக்கணக்கில் தொடர்பவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொரு நிலைமையும் இருக்கிறது, எழுதக் கஷ்டமாக இருந்தாலும் எழுத வேண்டும். மருந்து எடுத்துக்கொண்டிருக்கும்போதே கருவின் வளர்ச்சி நின்றுபோகலாம், புரோஜெஸ்டிரோன் உள்ளே போய்க்கொண்டிருப்பதால் ரத்தப்போக்கு ஆரம்பிப்பது தள்ளிப்போகலாம். அதனால்தான் மருந்து எடுப்பவர்கள் சொன்ன தேதியில் ஸ்கேன் செய்துகொள்ள வேண்டும், "ரத்தம் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறது" என்று தள்ளிப்போடக் கூடாது. இதயத்துடிப்பு இல்லை என்று உறுதியானால் டாக்டர் மருந்தை நிறுத்தச் சொல்வார், சில நாட்களில் ரத்தப்போக்கு தொடங்கலாம். அது நீங்கள் மருந்தை நிறுத்தியதால் நடந்தது இல்லை. ஒரு வேளை மறந்ததாலும் இல்லை, படியேறியதாலும் இல்லை. அதற்கு முன்பே நின்றுவிட்ட ஒன்று அது.

அப்படி நடந்துவிட்டால், எந்த மருந்து, எத்தனை மி.கி., எந்த வாரத்தில் ஆரம்பித்தது, எந்த வாரத்தில் ரத்தம் கண்டது, ஸ்கேனில் என்ன சொன்னார்கள் என்பதை ஒரு தாளில் எழுதி மருந்துச் சீட்டோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை கர்ப்பம் உறுதியாகும்போது ரத்தக்கசிவு வந்தால் முதல் நாளே போய், அந்தத் தாளைக் காட்டி, முன்பு கருச்சிதைவு ஆகியிருக்கிறது என்று சொல்லுங்கள். மைக்ரோனைஸ்டு புரோஜெஸ்டிரோன் தேவையா என்று டாக்டர் முடிவெடுக்க அந்த விவரம் போதும்.